காட்டில் பூவை எங்கே தேடுவது? (வருணனைக் கட்டுரைக்கு ஒரு விளக்கம்)

ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தியின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, மலையேற்ற அனுபவம். கண்ணுக்கெட்டிய தூரம் பசும்புல்வெளி, அதில் வண்ண வண்ண மலர்கள், தேனுண்ணும் வண்டுகள் என்று எழுதியிருந்தாள். அவள் சொன்ன இடம் பெட்டாலிங் ஜெயா பக்கமுள்ள புக்கிட் காசிங். அதற்கு முந்தின வாரம்தான் வகுப்போடு போய் வந்திருந்தோம்.

"அங்க புல்வெளி எங்கம்மா இருந்துச்சு?"

"இல்ல டீச்சர். ஆனா வருணனைன்னா பூ வரணும்ல?"

பூ வரட்டும். எந்த நிலத்துப் பூ என்று தெரிந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். நம் முன்னோர் பூக்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நான்காகப் பிரித்தார்கள். கோடு என்றால் மரக்கிளை. கொன்றை கோட்டுப்பூ, முல்லை கொடிப்பூ, தும்பை நிலப்பூ, தாமரை நீர்ப்பூ. மாணவர்கள் எழுதும் மலர்ப் புல்வெளி முழுக்க நிலப்பூ. அதற்கு நேரடி வெயில் வேண்டும். மூணாறு, நீலகிரி உச்சிகளில் புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வரும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கே 2018இல் மலைச்சரிவையே நிறம் மாற்றியது. அங்கே போனவர் மலர்ப் புல்வெளி என்று தாராளமாக எழுதலாம்.

நம் மழைக்காடு வேறு. உயர்ந்த மரங்களின் கிளைகள் கூரைபோல் மூடிக்கொள்வதால், அடர்ந்த காட்டில் வெயிலில் சுமார் 2 விழுக்காடுதான் தரைக்கு வந்து சேரும். அந்த வெளிச்சத்தில் புல்வெளி உருவாகாது. பூ எல்லாம் மேலே, கிளையில். மெரந்தி போன்ற பெருமரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். அப்போதும் கீழே நடப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் பாதையில் உதிர்ந்து கிடப்பதே.

அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது! அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு பருவங்களை மனப்பாடம் செய்கிறோமே, அதில் வீ என்பது உதிரும் பூ, செம்மல் என்பது வாடிய பழம்பூ. தேர்வுக்கு ஒப்பித்துவிட்டு நாம் மறந்துபோகும் இந்த இரண்டு சொல்லும்தான் நம் காட்டுக்குச் சரியாகப் பொருந்துகின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். நாம் 'வண்ண மலர்கள்' என்ற ஒரே தொடரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

புக்கிட் காசிங்கில் என்னதான் இருக்கிறது? காசிங் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பம்பரம் என்று பொருள். புக்கிட் என்றால் குன்று, மலைக்கு குனோங். ஆகவே 'வானளாவிய மலை' என்று தொடங்காதீர்கள். பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு தொங்குபாலம் உண்டு. காட்டோரத்தில் வெயில் படும் இடங்களில் தொட்டாற்சிணுங்கி, லாலான் புல், ஊதாப்பூ பூக்கும் செண்டுடுக் செடி. செண்டுடுக் பழத்தைத் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். (எங்கள் பையன்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.)

கட்டுரை அமைப்புக்கும் பாதையே உதவும். அங்கே தடங்கள் பல; சுற்றி நடந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். அப்படிப்பட்ட சுற்றுப்பாதையை எழுதும்போது முதல் பத்தியில் காட்டிய இடத்தையே கடைசிப் பத்தியில் மறுபடி காட்டுங்கள். ஏறும்போது கவனிக்காத எதை இறங்கி வந்ததும் கவனித்தீர்கள்? அதை எழுதினாலே முடிவு கிடைத்துவிடும். 'மறக்க முடியாத இனிய அனுபவம்' தேவைப்படாது.

அந்த மாணவியை மறுபடி எழுதச் சொன்னேன். இந்த முறை புல்வெளி இல்லை. 'பட்' என்று ஒரு சத்தம்; திடுக்கிட்டுத் திரும்பினால் ரப்பர் காய் வெடித்து, புள்ளி போட்ட கொட்டைகள் சருகில் உருண்டு கிடந்தன என்று எழுதியிருந்தாள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டியிடம் காட்ட ஒரு கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாளாம். நான் சிவப்புக் கோடு போட்டது ஒரே இடத்தில்: 'காட்டு பாதை' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருந்தாள். காட்டுப் பாதை.