நெம்ப நல்லாருக்கு: அது 'வெரி'யா, 'டூ'வா?

"ரொம்ப", "நெறைய", இதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு இந்த எபிசோட்ல பாக்கலாம். எங்க குண்டடம் பக்கம் "ரொம்ப"ங்கறதை "நெம்ப"ம்போம். காபி நெம்பச் சூடு, பையன் நெம்ப நல்லவன், சட்டை நெம்பப் பெருசு. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல அப்படி இல்ல. அங்கதான் நாம மாட்டிக்கறோம்.

எங்க பெரியம்மா பொண்ணு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசர். தமிழ் மீடியம் படிச்சவங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்பிட்டு, "த ஃபேப்ரிக் இஸ் டூ சாஃப்ட்"னு மெயில் போட்டாங்க. துணி நெம்ப சாஃப்ட்டா வந்திருக்குங்கன்னு பெருமையாத்தான் சொன்னாங்க. பதில் என்ன வந்துச்சு தெரியுமா? "அப்படின்னா சாஃப்ட்னரைக் கொறைச்சு வேற சாம்பிள் அனுப்புங்க!"

விளக்கம் சொல்லி, அப்ரூவல் வாங்கறதுக்குள்ள நாலு நாள் போச்சு. அதைவிட மோசம், அதுக்கப்புறம் ஆறு மாசம் அக்கா சொந்தமா மெயிலே எழுதல. பக்கத்து சீட்ல இருக்கறவர்கிட்ட சொல்லித்தான் எழுத வெச்சாங்க. தனக்கு இங்கிலீஷே வராதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா அவங்க தவறவிட்டது ஒரே ஒரு விஷயம்தான்.

'வெரி' சும்மா அளவைக் கூட்டும். 'வெரி சாஃப்ட்'னா ரொம்ப சாஃப்ட், அவ்வளவுதான். 'டூ' அப்படி இல்ல. அது ஒரு எல்லைக்கோட்டை மனசுல வெச்சுக்கிட்டு, "கோட்டைத் தாண்டிருச்சு"ன்னு சொல்லுது. நம்ம கோடிங் பாஷைல சொன்னா, 'டூ'வுக்குள்ள ஒரு இஃப் கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சும்பாங்களே, அந்த "மிஞ்சினால்"தான் 'டூ'. "த பேக் இஸ் வெரி ஹெவி"ன்னா பை கனமா இருக்கு, ஆனாலும் தூக்கிடலாம். "டூ ஹெவி"ன்னா ஆள் கூப்பிடணும்.

"அப்போ 'டூ குட்'னு சொல்றோமே?"ன்னு கேப்பீங்க. படம் பாத்துட்டு ஃப்ரெண்டுகிட்ட தாராளமா சொல்லுங்க, நம்ம ஊர்ல அது பாராட்டுதான். "யூ ஆர் டூ கைண்ட்"னு இங்கிலீஷ்காரங்களே நன்றியாச் சொல்லுவாங்க. ஆனா சைஸ், கலர், வெயிட்னு பேசற மெயில்ல 'டூ' வந்தா, படிக்கறவங்க அதைக் குறையாத்தான் எடுத்துக்குவாங்க.

இதே கோட்டை வெச்சு மத்த வார்த்தைகளையும் பாக்கலாம். 'எனஃப்'னா கோட்டைத் தொட்டாச்சு, போதும். 'பிளென்டி ஆஃப்'னா போதும்ங்கறதுக்கு மேலயே இருக்கு, கவலைப்படாதீங்க. 'டூ மச்', 'டூ மெனி'ன்னா மிஞ்சிப்போச்சு, இப்போ தொந்தரவு. "வீ ஹேவ் பிளென்டி ஆஃப் ஸ்டாக்"னு சொன்னா பையர் நிம்மதியாத் தூங்குவார். "டூ மச் ஸ்டாக்"னு சொன்னா, விக்காமத் தேங்கி நிக்குதுன்னு நெனச்சு விலையைக் கொறைக்கச் சொல்லுவார்!

எண்ண முடியறதுக்கு 'மெனி', முடியாததுக்கு 'மச்'. பீஸ், பட்டன் எல்லாம் 'மெனி'. நூல், துணி எல்லாம் 'மச்'. குழப்பமா இருந்தா 'எ லாட் ஆஃப்' போடுங்க, ரெண்டுக்கும் செட் ஆகும். அதுவுமில்லாம, "வீ ஹேவ் மச் ஸ்டாக்"னு சொன்னா இங்கிலீஷ் காதுக்கு ஒரு மாதிரி இடிக்கும். 'மச்' பெரும்பாலும் கேள்விலயும், "இல்ல"ங்கற வாக்கியத்துலயும்தான் இயல்பா வரும்.

அப்புறம் 'டன்ஸ் ஆஃப்', 'லோட்ஸ் ஆஃப்'. நாம "வண்டி வண்டியா"ங்கற மாதிரி, பேச்சுக்கு அழகா இருக்கும். ஆனா நூலை நெஜமாவே டன் கணக்குல வாங்கற ஊர்ல, ஆபீஸ் மெயில்ல அதை எழுதாதீங்க. எத்தனை டன்னுன்னு திருப்பிக் கேப்பாங்க!

தொழில்னு வந்துட்டா, வார்த்தையைவிட நம்பர் நல்லது. அதுலயும் ரெண்டு இடத்துல உஷாரா இருங்க. ஒண்ணு, லட்சமும் கோடியும் பல வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாது. 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். நாம 1,50,000னு போடற கமாவை அவங்க 150,000னு போடுவாங்க. பில்லியன்லயே ஒரு காலத்துல குழப்பம் இருந்துச்சு. பிரிட்டன்ல முன்னாடி பில்லியன்னா ஒரு லட்சம் கோடி. 1974லதான் அந்த நாட்டு அரசாங்கம் தன்னோட கணக்குகள்ல 100 கோடிக்கு மாறுச்சு.

ரெண்டாவது, 'குரோஸ்'. பட்டன் வாங்கும்போது ஒரு குரோஸ்னா 12 டஜன், அதாவது 144. அதே வார்த்தை அட்டைப்பெட்டி மேல 'குரோஸ் வெயிட்'னு இருந்தா, பெட்டியையும் சேர்த்த எடை. இடத்தைப் பாத்து அர்த்தம் எடுத்துக்கணும்.

அக்காவுக்கு நான் இதையெல்லாம் பாடமா எடுக்கல. ஒரு நாள் சாப்பிடும்போது, "சோறு போதுமா, மிஞ்சிப்போச்சா, இதுதாங்க்கா 'டூ'வுக்குக் கணக்கு"ன்னேன். "இவ்வளவுதானா!"ன்னு சிரிச்சாங்க. இப்போ அவங்க மெயிலை அவங்களேதான் எழுதறாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி 'டூ'வை மட்டும் ஒரு தடவை தேடிப் பாக்கறாங்க.

நீங்களும் உங்க சென்ட் ஐட்டம்ஸைத் திறந்து 'டூ'ன்னு தேடுங்க. பாராட்ட நெனச்சு எத்தனை பேரைக் குறை சொல்லியிருக்கீங்கன்னு தெரியும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வரட்டுங்களா!