பூங்காவும் பெயரும்: மாத்தளையை முன்வைத்து ஒரு குறிப்பு

பொதுவிடமொன்றின் பெயர், பெயரிடும் அதிகாரம் யாரிடமிருந்தது என்பதையே முதலிற் புலப்படுத்துகின்றது. கொழும்பின் விக்டோரியா பூங்கா விகாரமகாதேவி பூங்காவாயிற்று. பேரரசி போய் அரசி வந்தாள். சென்னைத் தியாகராய நகரின் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் நீதிக்கட்சித் தலைவர்களை நினைவூட்டுவன. சிந்தாதிரிப்பேட்டை நேப்பியர் பூங்காவோ, ஆளுநர் பெயர் நீங்கி மே தினப் பூங்காவாயிற்று. அங்கு பெயருக்குரியவர் தனிமனிதரல்லர், உழைக்கும் வர்க்கமே.

மாத்தளை விளையாட்டரங்கு பேர்னாட் அலுவிகாரையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் அத்தொகுதியைப் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் செய்தவர், பொருத்தமே. 1848 ஆம் ஆண்டில் புதிய வரிகளை எதிர்த்தெழுந்து, ஆகஸ்ட் 8 இல் சுட்டுக் கொல்லப்பட்ட புரன் அப்புவையும் இவ்வூர் மறக்கவில்லை.

ஆயின், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்? கோப்பித் தோட்டங்கள் அவர்தம் உழைப்பினால் எழுந்தவை. வாந்திபேதியும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. ‘ஊர்ப் பெரியார்’ என்ற தகுதியைச் சொத்தும் பதவியும் தீர்மானிக்கும்வரை அவர்களுள் ஒருவரேனும் அப்பட்டியலில் இடம்பெறல் அரிது. அவர்தம் பெயர்கள் தெரியாமை இதற்குத் தடையாகாது. மே தினப் பூங்காவும் தனியொருவர் பெயரைத் தாங்கியதன்று. மாத்தளையில் அடுத்து அமையும் பூங்காவுக்கு அவர்கள் நடந்த வடபாதையின் பெயரையேனும் இடலாம்.