ஒட்டுப்போட்ட பற்றரி, அழித்துவிட்ட எரர்

பாவித்த ஹைபிரிட் கார் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் நிம்மதி இருப்பதில்லை. சார்ஜ் பட்டை ஏன் இவ்வளவு கெதியாக இறங்குகிறது, பின்சீட்டுப் பக்கம் விசிறி ஏன் இப்படி இரைகிறது என்று குடும்பமே டாஷ்போட்டைப் பார்த்தபடி பயணம் போகும். பற்றரி போய்விட்டதோ என்பதுதான் எல்லோருடைய பயமும். ஆனால், போன பற்றரியைவிடப் பெரிய தலையிடி ஒன்று இருக்கிறது: போனதை மறைத்து, ஒட்டுப்போட்டு விற்ற பற்றரி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் கதவு திறக்கும் வரை இலங்கையில் ஓடிய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதிய வண்டியின் விலையைக் கேட்டவர்கள் பழைய பிரியஸுக்கும் அக்குவாவுக்கும்தான் திரும்பினார்கள். இன்று ஒருவர் வாங்கும் 2010ஆம் ஆண்டு பிரியஸ் மூன்று நான்கு கை கண்டதாக இருக்கலாம். எந்தக் கையில் பற்றரி திறக்கப்பட்டது என்பது வாகனப் புத்தகத்தில் இருக்காது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வாங்கிய பிரியஸ் இரண்டு கிழமை நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கராஜில் ஸ்கேன் செய்தபோது வந்தது பி0ஏ80. பற்றரியை மாற்றச் சொல்லும் குறி அது. பற்றரியை இறக்கி மூடியைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே வரிசையாக நின்ற செல்களின் மேல் அச்சிட்டிருந்த இலக்கங்களை விரலால் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். “சேர், இதில நாலு செல் பிறகு போட்டது. இலக்கம் ஒண்டோட ஒண்டு சேரேல்லைப் பாருங்கோ.” செல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. மாற்றிய நான்கின் மேல் மட்டும் தகடு பளபளத்தது.

கராஜ்களில் ‘செல்’ என்று சொல்வது உண்மையில் பல அறைகள் சேர்ந்த ஒரு கட்டு. மூன்றாம் தலைமுறை பிரியஸில் அப்படி 28 கட்டுகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று சோர்ந்தால் முழுப் பற்றரியும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் இருப்பவை அதிகம் சூடாவதால் பெரும்பாலும் அவைதான் முதலில் விழும். விழுந்ததை எடுத்துவிட்டு வேறொரு காரில் கழற்றியதைப் போடுவது, கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டியது போலத்தான். கொள்ளளவும் உள்தடையும் ஒத்துப்போகாது. ஒன்று நிரம்பி வழியும்போது மற்றது இன்னும் பாதியில் நிற்கும். சில மாதத்தில் அடுத்தது விழும், அதற்குப் பிறகு இன்னொன்று.

இதில் உயிராபத்தும் உண்டு. மின்னிணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, காப்புக் கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலையை வெறுங்கையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். 200 வோல்ட் நேர்மின்னோட்டம் ஆளைக் கொல்லப் போதும்.

பற்றரி முற்றாகச் செத்தால் என்ன, பெற்றோலில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பிரியஸில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவதே இந்தப் பெரிய பற்றரிதான். தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் வண்டி அசையாது.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக முற்றத்தில் நின்ற ஹைபிரிட் கார்கள் ஏராளம். பிரியஸ் போன்றவற்றில் உள்ள நிக்கல் பற்றரி சும்மா நின்றாலே தன்பாட்டில் இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்ட வேண்டும் என்பது அப்போது பலருக்குத் தெரியாது. அந்த வண்டிகளும் இன்று சந்தையில்தான் இருக்கின்றன.

செல் மாற்றுவது ஏழைக்கு உதவி, இலட்சக்கணக்கில் கொடுத்துப் புதுப் பற்றரி வாங்க எல்லோராலும் முடியுமா என்று மெக்கானிக்குகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தன் காருக்கு, தெரிந்துகொண்டு செய்தால் அது அவரவர் விருப்பம். செய்துவிட்டு, எரரை அழித்து, வாயைத் திறக்காமல் அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் அநியாயம். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எரர் மறைந்துவிடும். திரும்பி வர நாட்கள் எடுக்கலாம். வாங்குபவர் காசைக் கொடுத்து வண்டியை ஓட்டிப் போக அந்த இடைவெளி போதும்.

ஆகவே எரர் இல்லை என்று ஸ்கேனர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. வண்டி ஓடும்போது நேரடி அளவுகளைப் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 கட்டுகளும் இரண்டிரண்டாக 14 பகுதிகளாகத் தெரியும். அழுத்தி மிதிக்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும் 14 வோல்ட் அளவுகளும் ஒன்றாக ஏறி இறங்குவதுதான் ஆரோக்கியம். ஒன்று மட்டும் ஒரு வோல்ட் பின்தங்கினால் உள்ளே ஒரு அறை செத்திருக்கக்கூடும். அரைமணி நேரமாவது, ஏசி போட்டு, ஏற்றம் இறக்கம் உள்ள வீதியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறைந்து நின்ற பட்டைகள் சில நிமிடத்தில் அடிமட்டத்துக்கு விழுந்து, அதே வேகத்தில் ஏறினால் அந்த வண்டி வேண்டாம்.

எல்லா விளக்கும் பற்றரி விளக்கல்ல. 12 வோல்ட் சிறிய பற்றரி சோர்ந்தாலே டாஷ்போட் முழுவதும் எரியும். அதை மாற்றச் செலவு குறைவு. பின்சீட்டுப் பக்கத்துக் காற்று வாயிலில் பையை வைத்து அடைப்பதும், விசிறியில் தூசி கட்டுவதும் நல்ல பற்றரியையே சூடாக்கிக் கொன்றுவிடும்.

விற்பனை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்தால் இந்த ஏமாற்றில் பாதி நின்றுவிடும்: பற்றரி எப்போதாவது திறக்கப்பட்டதா, திறந்திருந்தால் எத்தனை செல், எந்தத் திகதியில், எந்தக் கராஜில் மாற்றப்பட்டது. மைலேஜை எழுதிக் கையெழுத்து வைப்பவர் இதையும் எழுத வேண்டும். எழுத மறுப்பவரிடம் முற்பணம் கொடுக்காமல் திரும்பி வர வாங்குபவருக்கு முழு உரிமை இருக்கிறது.