சூரைச்செடியின் அடியில் ஓர் அப்பம்



தனிமை என்பது ஆளில்லாத இடத்தில் வாழ்வது மட்டுமன்று. பிள்ளைகள் எல்லோரும் கடல்கடந்து சென்றபின், பெரிய வீட்டில் தொலைபேசி ஒலிக்காதா எனக் காத்திருக்கும் வயோதிபப் பெற்றோரிடம் அது குடியிருக்கின்றது. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னரும், காணாமற்போன மகனின் நிழற்படத்தின் முன்னே மெழுகுதிரி ஏற்றும் தாயின் உள்ளத்தில் அது வாழ்கின்றது. கடன்சுமையை மனைவியிடமும் சொல்ல இயலாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பத் தலைவனையும் அது விட்டுவைப்பதில்லை. ஞாயிறு திருப்பலியில் நம் அருகே முழந்தாட்படியிட்டிருப்பவரே அத்தகைய ஒருவராக இருக்கலாம்.

இவர்களைச் சந்திக்கும்போது நாம் உடனே சொல்வது, “செபியுங்கள், விசுவாசம் இருந்தால் எல்லாம் சரிவரும்” என்பதாகும். சொல் தவறானதன்று. ஆயினும் களைத்துப்போன உள்ளத்தில் அது ஆறுதலாக அன்றிக் குற்றச்சாட்டாகவே விழுந்துவிடுகின்றது. ‘என் விசுவாசம் போதவில்லையோ?’ என்னும் புதிய பாரம் பழைய பாரத்தோடு சேர்ந்துகொள்கின்றது. துயருற்ற மனிதரை ஆண்டவர் எவ்வாறு தேற்றுகிறார் என்பதை அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் காண்போம்.

சாவை வேண்டிய இறைவாக்கினர்

கர்மேல் மலையிலே பாகாலின் 450 பொய்வாக்கினர் முன் தனியொருவராக நின்று வென்றவர் எலியா. ஆனால் அரசி ஈசபேல் அவரைக் கொல்லச் சூளுரைத்ததும் அஞ்சி ஓடுகிறார். தம் பணியாளரையும் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தன்னந்தனியே பாலைநிலத்தில் ஒருநாள் பயணம் செய்கிறார். மனமுடைந்தவர் உடனிருப்போரையும் விலக்கிக்கொள்வதை நாம் அறிவோம். எலியாவும் அதையே செய்தார். சூரைச்செடி ஒன்றின் அடியில் அமர்ந்து, இனி வாழ்ந்தது போதும் என்று சாவை வேண்டினார்.

ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே என்றும் கேட்கவில்லை. அவரைத் தூங்கவிட்டார். பின்னர் வானதூதர் அவரைத் தட்டியெழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் காட்டினார். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்பினார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார்.

அங்கேயும் ஆண்டவர் முதலில் வினவுகிறார்: இங்கு நீ என்ன செய்கிறாய்? எலியா தம் மனக்குறையைக் கொட்டுகிறார். காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்துபோய், மெல்லிய ஒலி எழுந்த பின்பு ஆண்டவர் அதே வினாவை மறுபடியும் எழுப்ப, எலியாவும் அதே குறையை மறுபடியும் சொல்கிறார். ஆண்டவர் இருமுறையும் செவிமடுக்கிறார். அதன் பின்னரே அவருக்குப் புதிய பணியை ஒப்படைத்து, பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இருப்பதை அறிவிக்கிறார். எலிசாவையும் துணையாகத் தருகிறார். உணவு, ஓய்வு, செவிமடுத்தல், பணி, தோழமை: இறைவனின் ஆறுதல் வந்த வழி இதுவே.

கெத்சமனியில் நம் ஆண்டவர் இயேசுவும் துயருற்றுக் கலங்கியபோது பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்களோ உறங்கிவிட்டனர். இறைமகனே மனிதத் தோழமையைத் தேடினார் எனில், “என்னோடு சிறிதுநேரம் இருங்கள்” என்று கேட்பது எவருக்கும் இழிவாகாது.

ஒன்பது ஆண்டுத் தனிமை

நம் மண்ணிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த 1687ஆம் ஆண்டில், கோவாவிலிருந்து புனித யோசேவ்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடற்பயணத்தின் கடுமையால் நோயுற்றுக் கிடந்த அவரை, ஏழைப் பெண் ஒருவர் கஞ்சி கொடுத்துக் காத்தார் என அவரது வரலாறு கூறுகின்றது. பின்னர் சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் மறைவாக மக்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார். 1692இல் கண்டியில் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1696இல் உடன்குருக்கள் வந்துசேரும்வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இத்தீவின் மந்தை முழுவதையும் அவர் தனித்தே சுமந்தார்.

அவரைத் தாங்கியது செபம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் செபத்திற்கு உயிரோடு அவரை விட்டுவைத்தது ஒரு கிண்ணம் கஞ்சியும் அன்றோ! 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளரைத் தேடிச்சென்று அவர் பணிவிடை செய்தார். தாம் பெற்ற ஆறுதலைப் பிறருக்கு அளித்தார். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுலடியார் கற்பிப்பதும் இதுவே. 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியது இந்த மனிதரையே.

நாம் செய்யக்கூடியவை

துயரில் இருப்பவரே, உங்கள் கண்ணீர் விசுவாசக் குறைவன்று. நீண்ட செபம் வராத நாளில் செபமாலையைக் கையில் பிடித்திருந்தாலே போதும், அதுவும் செபமே. உணவையும் உறக்கத்தையும் தள்ளிவிடாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் மறைக்காது, அன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவரையும் உளவளத்துணையாளரையும் நாடுவது இறைவனை விட்டு விலகுவதன்று. சுட்ட அப்பத்தை அனுப்பியவரே அவர்களையும் அனுப்புகிறார்.

நலமாய் இருப்பவரே, உங்கள் வீதியில் தனித்திருக்கும் ஒருவரை இந்த வாரம் சென்று பாருங்கள். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு, உணவுப் பொதியொன்றை எடுத்துச் செல்லுங்கள். அவர் ஒரே கதையை இரண்டாம் முறை சொன்னாலும் கேளுங்கள். ஓரேபில் ஆண்டவரும் அப்படித்தான் கேட்டார். ஆலயத்திற்கு வர இயலாதவருக்கு நற்கருணை கொண்டுசெல்லப் பங்குத்தந்தையிடம் அறிவியுங்கள். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளே, பணத்தோடு உங்கள் குரலையும் அனுப்புங்கள்.

செபிப்போம்: அன்பின் ஆண்டவரே, களைத்துச் சோர்ந்த நாளில் எம்மைத் தட்டியெழுப்ப உம் தூதரை அனுப்பியருளும். எம் அயலவர் சோர்ந்திருக்கும் நாளில் எம்மையே உம் தூதராக அனுப்பியருளும். ஆமென்.