மின்சாரக் காருக்குப் பழைய மோட்டார்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அண்மையில் நம் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், தமது மஹிந்திரா இ2ஓ பிளஸ் காருக்குப் பழைய மோட்டார் ஒன்றை வாங்கியதாகக் கூறினார். பணம் முழுவதையும் கொடுத்துவிட்டார். மோட்டாரும் வந்து சேர்ந்தது. ஆனால் பணிமனையில் அதைப் பொருத்த இயலவில்லை. அவருடைய கார் 48 வோல்ட்டில் இயங்கும் 19 கிலோவாட் வகை. வந்ததோ அதே பெயருடைய பி8 வகைக்குரிய 72 வோல்ட், 30 கிலோவாட் மோட்டார்.

உற்பத்தி நின்றுபோன கார்களுக்குப் புதிய மோட்டார் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பழையதை நாடுவது தவறன்று. அதற்குமுன் சிலவற்றை உறுதி செய்துகொள்வது நலம்.

பழுது மோட்டாரில்தானா?

கார் நகரவில்லை என்றால் குறை கன்ட்ரோலரிலோ, சென்சாரிலோ, கேபிளிலோ இருக்கலாம். பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே போதும். பல கார்களுக்கு மோட்டாருக்கும் பேட்டரிக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை உத்தரவாதம் உண்டு. அது முடிந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

பொருத்தம் எதில் இருக்கிறது?

காரின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வகை, வோல்ட், கிலோவாட், பாக எண் ஆகியவை உங்கள் மோட்டாரோடு ஒத்திருக்க வேண்டும். தண்டின் பற்களும், போல்ட் துளைகளும், குளிர்விக்கும் முறையும், சென்சார் இணைப்பானும் ஒத்திருக்க வேண்டும். நிரந்தரக் காந்த மோட்டாராயின், மாற்றியபின் சுழல்நிலை சென்சாரின் கோண அளவை இன்வெர்ட்டரில் மீண்டும் பதிய நேரலாம். அதற்குரிய கருவி பணிமனையில் உண்டா என்று வாங்குமுன்பே கேளுங்கள்.

நிலையைச் சோதித்தல்

தண்டைக் கையால் சுற்றினால் கரகரப்போ ஆட்டமோ இருத்தலாகாது. மூன்று ஃபேஸ் முனைகளுக்கிடையே மின்தடை சமமாக இருக்க வேண்டும். சுருளுக்கும் உறைக்கும் இடையிலான காப்புத்தடையை மெக்கர் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். அது ஒரு மெகா ஓமுக்குக் கீழிருந்தால் வாங்க வேண்டாம். உயர் மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானது. ஆகையால் இச்சோதனைகளையும் பொருத்தும் பணியையும் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

ஆவணங்கள்

மோட்டாரின் எண் ஆர்.சி.யிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் இடம்பெற்றிருக்கிறது. மோட்டாரை மாற்றினால் அவ்வெண்ணும் மாறும். பதிவு விவரங்களோடு முரண்படும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டறிந்து, புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். எண் வேறுபட்டிருந்தால், விபத்தின்போது இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழக்கூடும். கார்க்கடன் நிலுவையில் இருப்பின், வாகனம் வங்கிக்கு ஈடாக உள்ளது. ஆகவே கிளைக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

விற்பவரிடம் மோட்டார் எண் குறிப்பிட்ட பில்லையும், அது எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கான சான்றையும் கேளுங்கள். அக்கார் பதிவுபெற்ற அழிப்பு நிலையத்தில் கழிக்கப்பட்டதாயின் அதன் சான்றிதழ் நகலைப் பெறலாம். எண் சுரண்டப்பட்ட மோட்டாரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குவது குற்றமாகும்.

பணம் செலுத்துதல்

முன்பின் அறியாதவருக்கு முழுத்தொகையை முன்கூட்டியே அனுப்ப வேண்டாம். பொருளைச் சோதித்தபின், பில்லில் உள்ள பெயருக்குரிய கணக்கில் செலுத்துங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் பெறுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எவரேனும் யு.பி.ஐ. பின் எண்ணைப் பதியச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையில்லை. இணையவழியில் ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நம் வாடிக்கையாளர் பெயர்த்தகட்டின் படத்தை முன்னரே கேட்டுப் பெற்றிருந்தால், 72 என்ற எண்ணைக் கண்டதும் பணம் அனுப்பாமல் நிறுத்தியிருப்பார்.