சின்ன மில்லிங் மெஷின் கணினிக்குக் கட்டுப்படுமா?

இலங்கையின் பள்ளிவாசல்துறை போன்ற கரையோர ஊருக்கு இறக்குமதியாகி வரும் சின்ன மில்லிங் மெஷினைக் கணினியால் ஓட்டலாம். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. காட்டிய எண்கட்டுப்பாட்டு மெஷினும் ஏற்கெனவே இருந்த ஒன்றை மாற்றியமைத்ததுதான். ஆனால் வாங்குமுன் மேசையை நகர்த்தும் திருகின் ஆட்டத்தை அளந்துவிடுங்கள்.

எப்படி? மேசையில் டயல் கேஜை முட்டவைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முள் அசையும்வரை கைப்பிடி வெறுமனே சுற்றும் அளவே ஆட்டம்.

ஏன்? கையால் வெட்டுபவர் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நெருங்கி அதைச் சமாளிப்பார். கணினி ஓட்டும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டாரோ மேசை நகர்ந்ததா என்று பார்ப்பதே இல்லை. வட்டம் வெட்டினால், திசை மாறும் நான்கு இடங்களிலும் வடிவம் கெடும். ஆட்டம் குறைந்த பால் ஸ்க்ரூ வகைத் திருகைப் போட்டால் பெருமளவு தீரும். ஒரு சுற்றுக்குத் திருகின் நகர்வு 5 மி.மீ., மோட்டாரின் படிகள் 200 என்றால், படிக்கு 0.025 மி.மீ.

உருளைத் தூண் உள்ள மெஷினை நான் பரிந்துரைக்கமாட்டேன். தலையை உயர்த்தும்போதே அது பக்கவாட்டில் திரும்பிவிடும். நிரலுக்கு அது தெரியாது.

உப்புக்காற்றில் வார்ப்பிரும்புத் தடங்கள் சீக்கிரம் துருவேறும். எண்ணெய் பூசி மூடிவையுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 110 வோல்ட் மெஷினை இலங்கையின் 230 வோல்ட்டில் நேரே செருகவே கூடாது.