மணிமேகலையில் பழம்பிறப்புக் காதல்

முற்பிறப்பிற் காதலர் மறுபிறப்பிலும் கூடுவர் என்னும் நம்பிக்கை தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. மறுமையிலும் நீயே என் கணவன் ஆகுக எனத் தலைவி வேண்டுதலைக் குறுந்தொகை 49ஆம் பாட்டிற் காண்கிறோம். இப்பிறப்பிற் பிரியோம் எனத் தலைவன் கூறிய அளவில், மறுபிறப்பிற் பிரிவு உண்டு போலும் எனத் தலைவி கண்ணீர் பெருக்கியதைக் குறள் 1315 கூறுகின்றது. இன்று இளையோர் விரும்பிப் படிக்கும் மறுபிறப்புக் காதற்கதைகளும் இந்நம்பிக்கையின்மேல் எழுந்தனவே. சீத்தலைச் சாத்தனார் இதனை எவ்வாறு ஆண்டார் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உவவனத்திற் பளிக்கறை புக்க மணிமேகலை, தன்னை இகழ்ந்துரைத்த உதயகுமரன்பின் தன் நெஞ்சம் செல்வதைச் சுதமதியிடம் மறையாது கூறுகின்றாள். அயலான் ஒருவன்பால் நெஞ்சு செல்லக் காரணம் யாது? விடை மணிபல்லவத்திற் கிடைக்கின்றது. புத்த பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்ந்த அவள், அப்பிறப்பில் தான் இலக்குமி என்பதையும், தன் கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பால் இறந்தான் என்பதையும், தான் உடன் தீப்புக்கதையும் அறிகின்றாள். அவ்விராகுலனே உதயகுமரன் என்று மணிமேகலா தெய்வம் உரைக்கின்றது.

பிற கதைகளாயின், இவ்வறிவு காதலரைக் கூட்டிவைக்கும். சாத்தனாரோ இதனையே துறவுக்கு வாயிலாக்குகின்றார். அவன் பழங்கணவன் என்பதை அறிந்த பின்னரும் மணிமேகலை அவனை அடைய விழைந்தாளல்லள். காயசண்டிகை வடிவுகொண்டு, நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி, யாக்கையின் நிலையாமையை அவனுக்கு உணர்த்த முயல்கின்றாள். அதனைக் கண்ட விஞ்சையன் காஞ்சனன், அவளைத் தன் மனைவியென மயங்கி, உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான்.

அதன்பின் நிகழ்வதே நம் உள்ளத்தைத் தொடுவது. பழம்பிறப்பை நினைந்து புலம்பிய மணிமேகலை அவன் உடலருகே செல்ல எழுகின்றாள். கந்திற்பாவை தடுக்கின்றது. நீவிர் கணவனும் மனைவியுமாய்ப் பிறந்தது ஒருமுறையன்று, பல பிறப்புக்களில் என்கின்றது அப்பாவை. முனிவர்க்கு அமைத்த உணவினைக் கால் தளர்ந்து சிந்திய மடைத்தொழிலாளனை முற்பிறப்பில் இராகுலன் வாளால் வெட்டிய வினையே இன்று வாளாய் வந்தது என்றும் கூறுகின்றது.

இவ்விடத்துப் புலவர் கருத்துப் புலனாகும். ஒரு பிறப்பின் உறவு ஆறுதல் தரும். எண்ணிறந்த பிறப்புக்களில் அவ்வுறவே தொடர்ந்ததாயின், அத்தனை பிரிவும் அத்தனை அழுகையும் உடன் தொடர்ந்தன அல்லவோ? ஆயினும், சாத்தனார் மணிமேகலையின் காதலைப் பொய்யென்று இகழ்ந்தாரல்லர். அவளை அழவிட்டார், அழுத பின்னரே தெளிவித்தார். துறவின் பெருமையைப் பாட வந்த காப்பியம், துறக்கப்பட்ட அன்பின் அருமையையும் மறவாது பதிந்தமையாலன்றோ, அவள் துறவு நமக்கு மெய்யாகத் தோன்றுகின்றது!